110 நாள் துரத்தல்

2014 டிசம்பர் 17. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்க்டிகாவை நோக்கிய பன்சாரே கடலடித் திட்டில், ‘தண்டர்’ என்ற மீன்பிடிக் கப்பல் கண்ணில் பட்டது. சட்டவிரோத மீன்பிடிப்புக்காக 2006-லேயே கறுப்புப் பட்டியலில் ஏறிய கப்பல் அது. பெயரையும் கொடியையும் மாற்றி மாற்றித் திரிந்தது. 2013-இல் இன்டர்போலும் அதைத் தேடும் அறிவிப்பு விட்டது. ஆனால் போய்ப் பிடிக்கத்தான் ஆளில்லை. அன்று அதைக் கண்டுபிடித்த ‘பாப் பார்க்கர்’ எந்த அரசின் கப்பலும் அல்ல. ‘சீ ஷெப்பர்டு’ அமைப்பின் தன்னார்வலர்கள் ஓட்டிவந்தது.

தண்டர் தேடிப்போனது பல்மீனை. பெரிய ஓட்டல்களில் ‘சிலியன் சீ பாஸ்’ என்று பரிமாறப்படுவது இதுதான். அந்தப் பெயர் 1977-இல் ஓர் அமெரிக்க மீன் வணிகர் விற்பனைக்காகச் சூட்டியது. இரண்டு மீட்டர் நீளம்வரை வளரும் இந்த மீனுக்குக் காற்றுப்பை கிடையாது. அண்டார்க்டிக் பல்மீன் உடம்பில் சேர்த்துவைக்கும் கொழுப்பாலேயே நீரில் மூழ்காமல் நிற்கிறது. ரத்தத்தில் ஓடும் ஒருவகைப் புரதம், பனித்துகள்களைப் பற்றிக்கொண்டு அவை வளராமல் தடுக்கிறது. உறைநிலைக்கும் கீழான நீரில் அது உயிர்வாழ்வது அதனால்தான். மிதப்பதற்காகச் சேர்த்த கொழுப்பே வாயில் கரையும் சுவையாகி, அதற்கு எமனாகவும் ஆனது.

அந்தக் குளிரில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். அண்டார்க்டிக் பல்மீனில் பெண் முட்டையிடும் பருவத்தை எட்டச் சுமார் 17 ஆண்டுகள் ஆகும். அதற்கு முன்பே வலையில் சிக்கும் மீன் ஒரு முட்டைகூட விடாமல் சாகிறது.

தண்டர் தப்பியோடியபோது போட்டது போட்டபடி விட்டுச்சென்ற செவுள் வலைகளை, சீ ஷெப்பர்டின் துணைக் கப்பலான ‘சாம் சைமன்’ இழுத்தெடுத்தது. அதன் கேப்டன் சித்தார்த் சக்கரவர்த்தி, இந்தியர். மூன்று வாரத்துக்கும் மேலாக, பனிக் காற்றில் நின்று இழுத்து முடித்தபோது, வந்த வலையின் நீளம் 72 கிலோமீட்டர். அந்தக் கடலில் தடைசெய்யப்பட்ட வலை அது. நைலான் மக்காது. அதனால் கைவிட்ட வலையும் கடலடியில் சுவராக நின்று மீனையும் நண்டையும் திருக்கையையும் கொன்றுகொண்டே இருக்கும். சாட்சிப் பொருளாக வலைகள் மொரீஷியஸில் ஒப்படைக்கப்பட்டன. என்னைக் கேட்டால், துரத்தலைவிடப் பெரிய வேலை இந்த வலைகளை எடுத்ததுதான்.

பாப் பார்க்கரோ தண்டரை விடவில்லை. பனிக்கட்டிகளுக்கு நடுவே, புயலில், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு 10,000 கடல் மைலுக்கு மேல் பின்தொடர்ந்தது. 2015 ஏப்ரல் 6, சாவோ டோமே தீவுக்கு அருகே தண்டர் மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்த 40 பேரையும் காப்பாற்றியவர்கள் துரத்திவந்தவர்களே. மூழ்குமுன் கப்பலில் ஏறிப் பார்த்தபோது, மூடியிருக்க வேண்டிய கதவுகள் திறந்தபடி கட்டிவைக்கப்பட்டிருந்தன. தடயத்தை அழிக்க வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள் என்ற சந்தேகம் எழுந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் சாவோ டோமே நீதிமன்றம் கேப்டனுக்கும் இரண்டு பொறியாளர்களுக்கும் தண்டனை விதித்தது. அபராதம் ஒன்றரைக் கோடி யூரோவுக்கு மேல். வல்லரசுகளின் கடற்படைகள் செய்யாததை, வரைபடத்தில் தேடிப் பிடிக்க வேண்டிய ஒரு தீவு நாடு செய்தது.

அந்த ஆண்டில் பிறந்த அண்டார்க்டிக் பெண் பல்மீன்கள் முதல் முட்டை விட இன்னும் பருவம் எட்டவில்லை. 2032 வாக்கில்தான் எட்டும்.