கையில் நிற்காத சோப்புத் துண்டுகள்

எங்கள் நடுநிலைப் பள்ளியில் மதிய உணவு மணி அடித்ததும் குழாயடியில் கூட்டம் கூடும். ஒருநாள் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி வெறும் தண்ணீரில் கையை நனைத்துவிட்டுத் தட்டை எடுக்க ஓடினாள். கூப்பிட்டுக் கேட்டேன். “சோப்பு வழுக்கி வழுக்கி விழுந்துடுது டீச்சர்” என்றாள். போய்ப் பார்த்தால், தேய்ந்துபோன நான்கைந்து துண்டுகள் சோப்புப் பெட்டியில் ஊறிக் கிடந்தன. சோப்பு இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் சின்னக் கைக்கு அது இல்லை.

அந்தத் துண்டுகளை மீண்டும் முழு சோப்பாக்கினால் என்ன என்று தோன்றியது. ஆறாம் வகுப்பில் சொன்னேன். மறுநாளே பலர் பொட்டலத்தோடு வந்தார்கள். ஒரு மாணவி மட்டும் தயங்கி நின்றாள். “எங்க வீட்ல மீதியே இருக்காது டீச்சர். அம்மா புது சோப்பு மேல ஒட்டிடுவாங்க” என்றாள். நாம் செய்யப்போகும் மறுசுழற்சியை உன் அம்மா ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார் என்று சொல்லி, எப்படி ஒட்டுவது என்று வகுப்புக்குச் செய்துகாட்டச் சொன்னேன். அன்று அவள்தான் ஆசிரியர்.

செய்முறை எளிது. குளியல் சோப்புத் துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். துணி சோப்பும் பாத்திரம் துலக்கும் சோப்பும் கலக்கக் கூடாது. தோல் நோய் உள்ளவர்கள் பயன்படுத்திய சோப்பைத் தவிர்க்க வேண்டும். துண்டுகளை உலர்த்தி, அழுக்குப் படிந்த பகுதியைச் சுரண்டிவிட்டு, காய்துருவியில் துருவ வேண்டும். 200 கிராம் துருவலுக்குச் சுமார் 60 மி.லி. தண்ணீர் போதும். துருவலை ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் இட்டு, கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்து, சிறு தீயில் மெதுவாகக் கிளற வேண்டும். வேகமாகக் கிளறினால் நுரைத்துவிடும். அது எண்ணெய் போல உருகாது; கேழ்வரகுக் களி போலத் திரண்டு வரும். அந்தப் பதத்தில் எண்ணெய் தடவிய கொட்டாங்குச்சியிலோ தயிர் டப்பாவிலோ அழுத்தி நிரப்பலாம். இரண்டு நாளில் எடுத்து, நிழலில் இரண்டு மூன்று வாரம் காயவிட வேண்டும். அடுப்பு வேலையை ஆசிரியர்தான் செய்ய வேண்டும். நான் வீட்டிலேயே கிளறி எடுத்துவந்தேன்.

முதல் முறை நான் தோற்றேன். சீக்கிரம் உருகட்டும் என்று அரை டம்ளர் தண்ணீர் கூடுதலாக ஊற்றிவிட்டேன். ஒரு வாரமாகியும் சோப்பு கொழகொழவென்றே இருந்தது. அதை மேலும் நீர் சேர்த்துக் கரைத்து, பாட்டிலில் ஊற்றிக் கைகழுவப் பயன்படுத்தினோம். அதன்பின் மாணவர்களே அளவுக்குவளையோடு நிற்கத் தொடங்கினார்கள்.

இதில் பாடமும் இருக்கிறது. எண்ணெயோடு சோடியம் ஹைட்ராக்சைடு வினைபுரிந்து சோப்பும் கிளிசராலும் உருவாவது வேதியியல் மாற்றம். நாங்கள் செய்தது, ஏற்கெனவே உருவான சோப்புக்கு வேறு வடிவம் தந்தது மட்டுமே. அது இயற்பியல் மாற்றம். அதனால்தான் காஸ்டிக் சோடா என்னும் ஆபத்தான பொருள் இல்லாமலே இதைச் செய்ய முடிகிறது. காயும் சோப்பை மாணவர்கள் தினமும் எடைபோட்டு வரைபடம் வரைந்தார்கள். எடை குறைவது நின்ற நாளில் “காய்ஞ்சிடுச்சு டீச்சர்” என்று அவர்களே அறிவித்தார்கள். பள்ளி ஆழ்துளைக் கிணற்று நீரிலும் சேமித்த மழைநீரிலும் அதே சோப்பைத் தேய்த்துப் பார்த்தோம். கிணற்று நீரில் நுரை குறைவு. கடினநீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சோப்போடு சேர்ந்து படிவாகிவிடுவதை அங்கேயே விளக்க முடிந்தது.

புதிய சோப்புகளைச் சின்னக் கைக்கு அடங்கும் அளவில் வெட்டி, வலைப்பையில் போட்டுக் குழாயருகே குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட்டோம். இப்போது வழுக்குவதில்லை, தண்ணீரில் ஊறிக் கரைவதும் இல்லை. குறைந்தது 20 வினாடிகள் தேய்க்க வேண்டும் என்பதை ஆறாம் வகுப்பினர் எண்ணிக் காட்டுகிறார்கள்.

அக்டோபர் 15 உலகக் கைகழுவும் நாள். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நாளை மதிய உணவு வேளையில் உங்கள் பள்ளிக் குழாயடியில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அங்கிருக்கும் சோப்பை ஒன்றாம் வகுப்புக் குழந்தையால் பிடிக்க முடிகிறதா?