குரலின் சுருதியும் சாயலும்

காஞ்சி மாநகர் பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர் பெற்றது. இசைக்கும் அது பெயர் பெற்ற ஊரே என்பதை இன்று பலர் அறியார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனகோடி அம்மாள் என்னும் இசைவாணி அவ்வூரில் புகழோடு விளங்கினார். கிராமபோன் நிறுவனத்தார் 1902இல் கல்கத்தாவில் ஒலிப்பதிவைத் தொடங்கினர். சில ஆண்டுகளில் தென்னாட்டுப் பாடகர் பலரையும் பாடச்செய்து இசைத்தட்டுகள் வெளியிட்டனர். அவற்றுள் தனகோடி அம்மாளின் தட்டுகளும் உண்டு.

நூறாண்டு கடந்த அத்தகைய தட்டொன்றைச் சுழலவிட்டால், நாம் கேட்பது பாடியவரின் உண்மைக் குரல்தானா? பிற்காலத் தட்டுகள் நிமிடத்திற்கு 78 முறை சுழலுமாறு வரையறுக்கப்பட்டன. தொடக்க காலத்திலோ அவ்வரையறை உறுதிப்படவில்லை; சற்றுக் குறைந்த சுற்றில் பதிந்தனவும் உண்டு, மிகுந்த சுற்றில் பதிந்தனவும் உண்டு. 74 சுற்றில் பதிந்த ஒன்றை 78 சுற்றில் ஓட்டினால், ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவர் ஏறத்தாழ ஐந்தரைக் கட்டையில் பாடியவராகத் தோன்றுவார். பாட்டின் நடையும் விரையும். இவ்விரண்டோடு நின்றால் பெருங்கேடில்லை. குரலே மெலிந்து, பாடியவர் வயதிற் குறைந்தவர்போலத் தோன்றுவதுதான் வியப்பு.

இதன் காரணத்தை அறிய, குரல் பிறக்கும் முறையை அறிதல் வேண்டும். உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலியாகப் பிறக்கின்றது என்று தொல்காப்பியர் பிறப்பியலில் விளக்கியுள்ளார். இற்றை அறிவியலும் இதனை இரு படிகளாகவே காண்கிறது. முதலில், மிடற்றிலுள்ள குரல்நாண்கள் அதிர்கின்றன. விநாடிக்கு எத்தனை முறை அதிர்கின்றனவோ அதுவே சுருதி. பேசும்போது ஆடவர்க்கு அது நூற்றுக்குச் சற்று மேலாகவும், பெண்டிர்க்கு இருநூறு அளவிலும் இருக்கும். அடுத்து, அவ்வொலி தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய் வழியே வெளிவருகிறது. ஆடவர்க்கு ஏறத்தாழ 17 செ.மீ. நீளமுள்ள இக்குழாய், பெண்டிர்க்குச் சற்றுக் குறுகியது. குழந்தைகட்கு மேலும் குறுகியது. தன் நீளத்திற்கும் வடிவிற்கும் ஏற்ற அதிர்வுகளை மட்டும் அது எடுப்பாக்கும். அவ்வாறு எடுப்பாகும் இடங்களை ஒலியியலார் ‘பார்மண்ட்’ என்பர். நாம் சாயல் எனலாம்.

ஒரே சுருதியில் ‘ஆ’ என்றும் ‘ஈ’ என்றும் ‘ஊ’ என்றும் பாடிப் பார்த்தால் இது விளங்கும். சுருதி மாறாது, வாயின் வடிவு மாறுவதால் சாயல் மாறும். திரைக்கு அப்பால் பேசுபவர் அன்னையா அக்காளா என்று நாம் அறிந்துகொள்வதும் பெரும்பாலும் சாயலைக் கொண்டே.

தட்டை விரைவாகச் சுழற்றும்போது சுருதியோடு சாயலும் உயர்ந்துவிடுகிறது. பட்டுச் சேலையொன்றைப் பிடித்து இழுத்தால் நீள்வதாகக் கொள்வோம். உடல் மட்டுமா நீளும்? கரையிலுள்ள மயிலும் அன்னமும் அல்லவா நீண்டு உருக்கெடும்! அதுபோன்றதே இதுவும். குழாய் குறுகியதுபோன்ற ஒலி தோன்றுவதால் பாடியவர் சிறியவராகத் தோன்றுகிறார். அமெரிக்காவில் 1958இல் இதனையே வேடிக்கையாக்கினர். பாதி வேகத்தில் பதிந்த பாட்டை முழு வேகத்தில் ஓட்டி, அணிற்பிள்ளைகள் பாடுவதாக இசைத்தட்டு வெளியிட்டனர்.

கணிப்பொறி வந்தபின் இவ்விரண்டையும் பிரித்தாள முடிகிறது. பதிந்த குரலை ஓர் அதிர்வுக்கு ஒரு துண்டாக நறுக்கி, அத்துண்டுகளை நெருக்கி அடுக்கினால் சுருதி உயரும். விலக்கி அடுக்கினால் தாழும். நெசவாளர் அதே இழையைக் கொண்டே ஊடையை நெருக்கி அடிப்பது போன்றது இது. துண்டின் உருவம் மாறாமையால் சாயல் குலையாது. பாட்டின் கால அளவு குறையாதிருக்கச் சில துண்டுகளை இருமுறை வைப்பர். சுருதியை விட்டுச் சாயலை மட்டும் மாற்றவும் வழியுண்டு. அப்போது அதே சுருதியில் அதே பாட்டு, பெரிய உடம்பிலிருந்தோ சிறிய உடம்பிலிருந்தோ வருவதுபோல் ஒலிக்கும். ஒருவரின் குரலையே அரக்கனுக்கும் குழந்தைக்கும் உரியதாக்குவது இவ்வாறே.

பழைய தட்டைச் செப்பனிடுவோர்க்கோ இப்புதுமை வேண்டுவதில்லை. உரிய வேகத்தைக் கண்டுவிட்டால் சுருதி, நடை, சாயல் மூன்றும் ஒருங்கே தம் நிலைக்கு வந்துவிடும். உடன் வாசித்த ஆர்மோனியத்தின் சுருதி அவர்க்கு ஒரு துணை. உயிரெழுத்தொலிகள் மனிதக் குரலுக்கு இயல்பாக அமைகின்றனவா என்பது மற்றொரு துணை.

1997இல் ஆண்டி ஹில்டிபிராண்டு என்பவர், எண்ணெய் வளத்தைத் தேட நிலவதிர்வுகளை ஆராய்ந்த பயிற்சியைக் கொண்டு, பிசகிய சுருதியைத் தானே திருத்தும் ‘ஆட்டோ டியூன்’ கருவியை வெளியிட்டார். மேனாட்டு மெட்டுக்கு அது தக்கதாகலாம். தோடி இராகத்தின் காந்தாரமோ ஓரிடத்தில் அசையாது நிற்பதன்று. அசைந்தே தன் உருவைக் காட்டுவது. பன்னிரண்டு சுரத்தானங்களில் ஒன்றில் அதனைப் பிடித்து நிறுத்தும் கருவி, பிழையைத் திருத்தவில்லை, கமகத்தை அழிக்கிறது. கருவிக்குப் பிழையும் அழகும் ஒன்றாகவே தோன்றும் போலும்!

மறைந்தவர் குரலை வேறொருவர் பாட்டின்மேல் ஏற்றும் கலையும் இன்று வந்துள்ளது. 1997இல் மறைந்த சாகுல் அமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் 2024இல் ‘லால் சலாம்’ படப் பாட்டொன்றில் ஒலிக்கச்செய்தார். இருவர் குடும்பத்தாரின் இசைவையும் பெற்று, ஊதியமும் வழங்கினார். அவ்விருவரும் பாடிவைத்த பதிவுகள் இருந்தமையாலேயே கணிப்பொறி அவர்தம் சாயலைக் கற்றுக்கொள்ள முடிந்தது.

தனகோடி அம்மாளின் உடன்பிறந்தாள் மகனாகிய காஞ்சிபுரம் நாயனா பிள்ளை, தாள வன்மையில் நிகரற்றவர் எனப் புகழப்பட்டவர். 1934இல் மறைந்தார். அவர் இசைத்தட்டில் பாட இசையாதவர். ஆதலின் அவர் குரலை மீட்க எக்கருவியாலும் இயலாது. அவர் பாடிய முறையை அவர் மாணவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் பதிவுகளிலும், காஞ்சியில் பிறந்து அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த டி. கே. பட்டம்மாளின் பதிவுகளிலும் ஒருவாறு உணரலாம்.