உங்களுக்குத் தெரியுமா? கறுப்பு வெள்ளையில் பிறக்கும் வர்ணங்கள்

கறுப்பும் வெள்ளையும் அன்றி வேறு வர்ணமே தீட்டப்படாத ஒரு வட்டத் தகடு, சுழலத் தொடங்கிய மாத்திரத்திலே, சிவப்பும் பச்சையும் நீலமுமான மெல்லிய வளையங்களைப் பார்ப்பவர் கண்ணுக்குக் காட்டுகிறது. ஜெர்மானிய அறிஞர் குஸ்தாவ் ஃபெக்னர் 1838-ஆம் ஆண்டிலேயே விவரித்த இந்த விந்தை, இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் பென்ஹாம் 1894-இல் அதனை விளையாட்டுப் பம்பரமாக்கி வெளியிட்டபின் பிரசித்தி பெற்றது.

அப்பம்பரத்தின் ஒரு பாதி முற்றிலும் கறுப்பு. வெண்மையான மறுபாதியிலோ, மும்மூன்று கருங்கோடுகள் கொண்ட நான்கு தொகுதிகள், மையத்திலிருந்து விளிம்பை நோக்கிப் படிப்படியாக விலகி, வில்லாக வளைந்திருக்கும். வினாடிக்கு 5 முதல் 10 சுற்று என்னும் மிதமான வேகத்தில், ஒரு கோடியில் செந்நிறச் சாயலும் மறு கோடியில் நீலச் சாயலும் தோன்றும்; சுழலும் திசையை மாற்றினால் வர்ணங்களின் வரிசையும் தலைகீழாகும்.

காரணம் யாது? விழித்திரையிலுள்ள மூவகைக் கூம்பணுக்களும், அவை அனுப்பும் செய்திகளை ஒப்பிட்டு நிறத்தை நிர்ணயிக்கும் நரம்பணுக்களும், மினுக்கும் ஒளிக்கு ஒரே வேகத்தில் இசைவதில்லை. ஆதலால் வெண்மையும் கருமையும் மாறி மாறி வரும் காலக்கிரமமே வர்ணத்தின் சமிக்ஞையைப் போன்றதொரு விளைவை உண்டாக்குகிறது என்பது விஞ்ஞானிகள் பலர் கூறும் விளக்கம். அதன் நுட்பங்களைப் பற்றிய விவாதம் இன்னும் முடிவுறவில்லை. எனினும் ஒன்று திண்ணம்: நிறம் என்பது பொருளின் மேற்பூச்சு மட்டுமன்று; கண்ணும் மூளையும் கூடி நிர்மாணிக்கும் அநுபவம். அட்டை வட்டமொன்றில் மையினால் இக்கோடுகளை வரைந்து, நடுவே குச்சியைச் செருகிச் சுழற்றி, எவரும் இதனைப் பிரத்தியட்சமாகக் காணலாம்.