கட்டிங் வேஸ்ட்டில் ஒரு பொம்மை

திருப்பூரில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு பனியன் கம்பெனி வாசலில் கட்டிங் வேஸ்ட் மூட்டை சுவரோரம் சாய்ந்து கிடக்கும். அதிலிருந்து ஒரு துண்டை உருவி, அகலவாக்கில் விரல் கனத்துக்கு ஒரு பட்டி வெட்டுங்கள். இரண்டு முனையையும் பிடித்து ஓர் இழுப்பு. தட்டையாக இருந்த துணி கண்ணெதிரே சுருண்டு கயிறாகிவிடும். கையை விட்டாலும் பழையபடி விரியாது.

நெசவுத் துணியில் பாவு நூலும் ஊடை நூலும் நெடுக்கும் குறுக்குமாக ஓடும். பனியன் துணியின் கதை வேறு. நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைந்து துணியாகிறது. வளைத்து வைத்த நூல் எந்நேரமும் நிமிரப் பார்க்கும். சிங்கிள் ஜெர்சி எனும் சாதாரண பனியன் துணியில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோல் இல்லாததால் அந்த இழுப்பு சமப்படுவதில்லை. கத்தி பட்ட விளிம்பு ஒரு பக்கமாக உருண்டுகொள்கிறது. கட்டிங் மாஸ்டருக்கு இது பெரிய தொல்லை. துணிப் பொம்மை செய்கிறவருக்கு இதுதான் தலைமுடி.

அந்தத் தலைமுடிக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் பொம்மை போய்ச் சேர வேண்டிய கட்டிலைப் பார்ப்போம்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது லுக்கிமியா எனும் ரத்தப் புற்றுநோய். முறையாகச் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் அதன் முக்கிய வகை ஒன்றுக்குச் சிகிச்சை இரண்டு, மூன்று வருடம் நீளும். அத்தனை நாளும் ஊசிதான். கையில் ட்ரிப்ஸுக்காகக் குத்தி வைக்கும் வென்ஃபிளான், முதுகுத்தண்டில் மருந்து ஏற்றும் ஊசி, இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுக்கும் டெஸ்ட். திருப்பூர்க் குழந்தை இதற்காக ஐம்பது கிலோமீட்டர் தாண்டிக் கோவைக்கோ, அதைவிடத் தள்ளி வேலூருக்கோ சென்னை அடையாறுக்கோ போகிறது. அப்பா ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில். குழந்தையின் உலகம் ஒரு ஜன்னலும், ஸ்டாண்டில் தொங்கும் ட்ரிப்ஸ் பாட்டிலுமாகச் சுருங்கிவிடுகிறது.

அந்தக் கட்டிலுக்கு ஒரு மெத்தென்ற துணிப் பொம்மை வந்தால் என்ன நடக்கும்? பிள்ளை சந்தோஷப்படும் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நடப்பது அதைவிடப் பெரியது. அது நரம்புக்குள் நடக்கிறது.

நம் தோலில் தடவலுக்கென்றே தனி இழைகள் உண்டு. சி-டேக்டைல் இழைகள் என்று பெயர். முள் குத்தினால் எங்கே குத்தியது என்று சட்டென்று சொல்லும் நரம்புகள் வேறு. இவை நிதானமானவை. செய்தியை நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் கடத்தும். நொடிக்கு ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வேகத்தில், உடம்புத் தோலின் சூட்டிலேயே ஏதாவது உரசிப்போனால்தான் இவை நன்றாக விழித்துக்கொள்ளும். யாரும் சொல்லித் தராமலே ஒரு தாய் பிள்ளையை நீவிவிடும் வேகமும் ஏறக்குறைய அதுதான். 2018-ல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் பச்சிளங்குழந்தைகளின் காலை நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில் மெல்லத் தடவிவிட்டு, பிறகு குத்தினால் மூளையில் எழும் வலியின் அலையை அளந்து பார்த்தார்கள். தடவல் பெற்ற குழந்தைகளிடம் அந்த அலை தணிந்திருந்தது.

இந்த இழைகள் உள்ளங்கையில் மிகக் குறைவு. முகத்திலும் முன்கையிலும் தாராளம். பிள்ளைகள் பழந்துணியைக் கையில் பிடிப்பதோடு நிற்காமல் கன்னத்தில் தேய்த்துக்கொண்டே தூங்குவது ஏன் என்று யோசித்தபோது, இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பயோ வாஷ் போட்ட பனியன் துணியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். அந்த வாஷில் சேர்க்கும் செல்லுலேஸ் என்ற நொதி பஞ்சு நூலின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய மயிர்களைத் தின்று எடுத்துவிடுகிறது. கண்ணிகளோ எந்தப் பக்கம் அழுத்தினாலும் இடம் விட்டுக்கொடுக்கின்றன.

லண்டன் குழந்தை மருத்துவர் டொனால்ட் வின்னிகாட் 1951-ல் பிள்ளைகள் விடாமல் வைத்திருக்கும் இப்படிப்பட்ட பழந்துணிகளைப் பற்றி ஒரு புகழ்பெற்ற உரை நிகழ்த்தினார். அம்மா கண்ணில் படாத நேரத்தைத் தாண்டுவதற்குப் பிள்ளை தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் பாலம் அது என்பது அவர் கருத்து. அதைத் துவைத்துவிடக் கூடாது, அந்த வாசனைதான் உயிர் என்றும் அவர் கவனித்திருந்தார். கீமோ மருந்து ஏற்றும் வார்டில் இது செல்லாது. அங்கே பிள்ளையின் எதிர்ப்புச் சக்தி தரைமட்டத்தில் இருக்கும். துவைக்க முடியாத பொம்மை உள்ளேயே வரக் கூடாது. நான் கண்ட வழி ஒன்றுதான்: ஒரே மூட்டையிலிருந்து ஒரே துணியில் இரண்டு பொம்மை. ஒன்று கொடியில் காயும்போது மற்றொன்று கட்டிலில்.

வலியின் அடுத்த கதவு கவனம். 1965-ல் மெல்சாக், வால் என்ற இருவரும் முதுகுத்தண்டில் வலிக்கு ஒரு வாசல் இருக்கிறது, அதை மூளை மேலிருந்தே சாத்த முடியும் என்றார்கள். 2012-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் அதைப் படம் பிடித்தே காட்டினார்கள். கையில் சூடு வைத்துக்கொண்டே கடினமான ஞாபகக் கணக்கு ஒன்றைச் செய்யச் சொன்னார்கள். கணக்கில் மூழ்கியவர்களுக்கு வலி குறைந்தது. முதுகுத்தண்டிலேயே வலியின் துடிப்பு குறைந்திருந்தது. உடம்பு தானே சுரக்கும் அபினி போன்ற பொருளுக்கும் அதில் பங்கு இருந்தது. ஆக, "அதைப் பாக்காதே சாமி, இங்க பாரு" என்று நர்ஸ் அக்கா பொம்மையை ஆட்டுவது வெறும் ஏய்ப்பு அல்ல. பிள்ளையின் முதுகுத்தண்டில் ஒரு கதவு நிஜமாகவே பாதி சாத்தப்படுகிறது.

ஆனால் கவனத்தைத் திருப்புவது மட்டும் போதாது என்பதுதான் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் பயத்தைக் கவனித்தவர்களின் பெரிய கண்டுபிடிப்பு. பார்க்காதே என்று சொல்லும் அதே சிரிஞ்சை, ஊசியை மட்டும் எடுத்துவிட்டு, பிள்ளையின் கையிலேயே கொடுத்து, பொம்மைக்குப் போடச் சொல்ல வேண்டும்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க 1950-களுக்குப் போக வேண்டும். அப்போது லண்டன் மருத்துவமனைகளில் பெற்றோரைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952-ல் ஆஸ்பத்திரிக்குப் போன இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைப் படமெடுத்துக் காட்டினார். அந்தப் பிள்ளை அடங்கிப்போவதைப் பார்த்து மருத்துவ உலகம் அதிர்ந்தது. நம்ப மறுத்தவர்களும் உண்டு. 1959-ல் பிரிட்டனில் வெளிவந்த பிளாட் அறிக்கை பெற்றோருக்குக் கதவைத் திறக்கச் சொன்னது. நம் ஊர் வார்டில் பாய் விரித்துப் படுக்கும் அம்மாவை இடைஞ்சல் என்று நினைப்பவர்கள் இதை அறிய வேண்டும். அங்கே போராடிப் பெற்றது இங்கே வழக்கமாகவே இருக்கிறது.

1955-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மருத்துவமனையில் எம்மா பிளாங்க் என்ற அம்மையார் குழந்தைகளுக்கான விளையாட்டையும் படிப்பையும் சிகிச்சையின் பகுதியாகவே தொடங்கினார். வியன்னாவில் மாண்டிசோரி ஆசிரியையாக இருந்தவர் அவர். அந்த மரியா மாண்டிசோரிதான் 1939-ல் நம் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். கைக்குக் கிடைத்ததைச் செய்துபார்த்தே பிள்ளை உலகத்தைப் புரிந்துகொள்கிறது என்ற எண்ணம் வகுப்பறையிலிருந்து வார்டுக்கு இப்படித்தான் நடந்துபோனது. பொம்மைக்கு முதலில் பஞ்சு தேய்க்கிறார்கள், ஊசி இல்லாத சிரிஞ்சு, பிளாஸ்டர், கட்டு. பிறகு பிள்ளையின் முறை வரும்போது அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. தெரியாததுதான் பாதி பயம்.

வரைவதும் இப்படியே. நம் ஆஸ்பத்திரிச் சுவர்களிலும் தொங்கும், சிரிப்பிலிருந்து அழுகை வரை ஆறு முகங்கள் கொண்ட வலி அட்டை 1980-களில் அமெரிக்காவில் டோனா வாங், கோனி பேக்கர் இருவரின் வேலை. அந்த முகங்களை முதலில் வரைந்தவர்கள் ஓவியர்கள் அல்ல. வெறும் வட்டங்களைக் கொடுத்து, வலியை வரையச் சொல்லிப் பிள்ளைகளிடமே கேட்டார்கள்.

சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குத் 'தி லிட்டில் தியேட்டர்' நாடகக் குழுவினர் சிவப்பு மூக்கு மாட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். கோமாளி விளையாட்டுக்கும் சான்று இருக்கிறது: 2020-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 24 ஆய்வுகளில் 1,612 பிள்ளைகளைப் பார்த்து, பதற்றம் பல நிலைமைகளில் குறைகிறது என்றது. ஆனால் கோமாளி மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார். பொம்மை இரவு இரண்டு மணிக்கும் இருக்கும்.

கழிவுத் துணிக்கும் ஆறுதலுக்கும் நம் கரையிலேயே ஓர் உறவு உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லில் உமா பிரஜாபதியின் உபாசனா நிறுவனம் பாதிக்கப்பட்ட மீனவப் பெண்களின் கையில் வெட்டுத் துணிகளைக் கொடுத்தது. சின்னஞ்சிறு பொம்மைகள்: சுனாமிகா. விற்பதில்லை, கொடுப்பதுதான். லட்சக்கணக்கில் உலகமெங்கும் போயின. செய்த கைகளுக்கும் அது மருந்து.

திருப்பூரில் நூறு கிலோ துணி வெட்டினால் பெரும்பாலும் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் வேஸ்ட் விழும். பட்டறையில் எண்ணெய் துடைக்கவும், மில்லில் மறுபடி நூலாகவும் அது போகிறது, பெரும்பாலும் வீணாவதில்லை. ஆனாலும் ஒரு மூட்டையை மட்டும் தனியே வைக்கலாம் என்று நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். பிசிறு வெட்டிப் பழகிய கைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. செய்முறை ஒன்றும் பெரிய ரகசியமில்லை: வெந்நீரில் அலசிய துணி, உள்ளேயும் துவைக்கத் தாங்கும் நிரப்பல், பிள்ளை கடித்தால் பிரியாத இரட்டைத் தையல். கண்ணுக்குப் பட்டன் வேண்டாம், நூலால் குத்தினால் போதும். பட்டன் கழன்றால் தொண்டைக்குப் போகும்.

நான் தைத்துப் பார்த்த பொம்மைக்குத் தலை மொட்டை. அதன் மேல் மாட்ட ஒரு குல்லாய், குல்லாயின் விளிம்பெல்லாம் இழுத்துச் சுருட்டிய கறுப்பு ஜெர்சிப் பட்டிகள், இரண்டு சடை போடும் நீளத்துக்கு. கீமோ தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முடி கொட்டும். தலையணையில் அதைப் பார்க்கும் நாள் அவர்களில் சிலருக்கு ஊசியைவிடக் கொடியது. இந்தப் பொம்மைக்கு இன்று முடி வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் குல்லாயைக் கழற்றி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். வேண்டும் என்று தோன்றும் நாளில் எடுத்து மாட்டலாம்.