கூம்பு ஒலிபெருக்கி ஏன் ஊமையாகிறது?

சங்க மலர் என்றால் சிலம்பு, குறள், கடல் கடந்த தமிழர் வரலாறு என்று கட்டுரைகள் வருவது வழக்கம். நடுவே ஒருவன் மைக்செட் ரிப்பேரைப் பற்றி எழுத வந்திருக்கிறானே என்று அன்பர்கள் புன்னகைக்கலாம். காரணம் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்துக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. அங்கே வேலை பார்த்துவந்த அவ்வூர்ப் பிள்ளை சுனாமிச் செய்தி அறிந்து வீட்டுக்குச் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வூரில் அமைத்திருந்த அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. ஊரார் கதவை உடைத்து உள்ளே போய், அதில் அறிவிப்புச் செய்து ஊரையே கரையிலிருந்து கிளப்பினார்கள். படகுகள் போயின, சுமார் 3,600 பேர் கொண்ட ஊரின் உயிர்கள் பிழைத்தன. அந்த ஒலிபெருக்கி அன்று கரகரத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. இன்று எச்சரிக்கை மையம் இருக்கிறது (ஹைதராபாத்தில், 2007 முதல்), கைபேசிக்கும் செய்தி வரும். டவர் சாய்ந்துவிட்டால் மிஞ்சுவது பேட்டரியில் ஓடும் ஆம்பிளிபயரும் கோயில் கூரையில் தொங்கும் குழாயும்தான்.

தமிழில் கூம்பு ஒலிபெருக்கி, நம் பேச்சில் குழாய், பக்கத்து வீட்டு இந்திக்காரருக்கு போம்பு. மூன்றும் ஒன்றே. அதன் பின்புறம் உருண்டையாக இருப்பது யூனிட். யூனிட்டுக்குள் ஒரு காந்தம். காந்தத்தின் நடுவே வளையமாக ஒரு மெல்லிய இடைவெளி. அந்த இடைவெளியில் மெல்லிய கம்பிச் சுருள். இதைத்தான் வாய்ஸ் காயில் என்கிறோம். சுருள் ஒட்டியிருக்கும் சவ்வுக்கு டயாபிரம் என்று பெயர். சுருளில் மின்னோட்டம் மாற மாறச் சவ்வு முன்னும் பின்னும் அதிரும். கூம்பு அந்த அதிர்வைக் காற்றுக்குக் கடத்தும். அவ்வளவுதான் இயந்திரம்.

"குழாய் செத்துப்போச்சு" என்று கொண்டுவருகிறார்கள். சிப்பிகாட்டில் என் கைக்கு வந்தவற்றில் பல சாகவே இல்லை. ஆகவே முதல் விதி: திறக்காதே, இடம் மாற்று. ஊமையான யூனிட்டை, நன்றாகப் பாடும் குழாயின் ஒயரில் மாட்டிப் பாருங்கள். பாடினால் குற்றம் யூனிட்டில் இல்லை, வழியில். நம் ஊரில் அந்த வழிதான் பெரும்பாலும் குற்றவாளி. 2004 நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் இப்பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்து, சிப்பிகாட்டின் நெல் வயல்களில் கடல்நீர் ஏறியதை எல்லோரும் அறிவோம். வண்டூர் சாலையில் இன்று பறவை பார்க்க வருகிறவர்கள் ரசிக்கும் அந்த நீர்ப்பரப்பு மைக்செட்டுக்கு எமன். உப்புக்காற்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழையும் சேர்ந்து, முறுக்கி டேப் சுற்றிய ஒவ்வொரு ஒயர் இணைப்பிலும் பச்சைக் களிம்பை வளர்க்கின்றன. களிம்பைச் சுரண்டிச் சால்டர் வைத்தால் பாதிக் குழாய்கள் பிழைத்துக்கொள்ளும்.

இடம் மாற்றியும் பாடவில்லையா? ஒயரைக் கழற்றிவிட்டு மீட்டரை ஓம் அளவில் வையுங்கள். 16 ஓம் யூனிட் 12 முதல் 14 வரை காட்டினால் சரி. 16 காட்டவில்லையே என்று பதற வேண்டாம். அந்த 16 மாறுமின்னோட்டத்துக்கான கணக்கு, மீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத்தில். முள் அசையவே இல்லையென்றால் சுருளோ அதற்குப் போகும் கம்பியோ அறுந்திருக்கிறது. குழாயோடு லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதைப் பிரித்த பிறகே அளக்க வேண்டும். இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரை அளந்துவிட்டு யூனிட் நல்லா இருக்கு என்று சொல்லிவிடுவோம். அடுத்து, ஒரு டார்ச் செல்லின் இரு முனைகளையும் யூனிட்டில் தொட்டு எடுங்கள். 'டக்' என்று கேட்க வேண்டும். மீட்டர் சரியாகக் காட்டி 'டக்' வரவில்லையென்றால் சுருள் இடைவெளியில் இறுகி நிற்கிறது. துரு பிடித்துப் பருத்திருக்கும். யூனிட்டில் 'டக்' நன்றாகக் கேட்டு, கூம்பில் மாட்டினால் மட்டும் குரல் அடைத்தால் கூம்புக்குள் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கும். நான் இதுவரை எடுத்த கூடுகளுக்குக் கணக்கே இல்லை.

இனித் திறக்கலாம். மேசையில் இரும்புத்தூள் இருக்கக்கூடாது. காந்தம் தேடி இழுத்துக்கொள்ளும். டயாபிரத்தை எடுத்ததும் குப்பையில் போடாதீர்கள். ஏன் போனது என்பதை அதுதான் சொல்லும். சுருள் கருகி, வார்னிஷ் வாடை அடித்தால் சூட்டில் போனது. சுருள் புதுசு போல் இருந்து, சவ்வு கிழிந்தோ கம்பி ஓரத்தில் ஒடிந்தோ இருந்தால் அளவுக்கு மேல் குதித்துப் போனது. முனைகள் பச்சையாக இருந்தால் உப்பு. மூன்றுக்கும் மருந்து வேறு. புது டயாபிரம் போட்டுக் கொடுத்து, காரணத்தைக் கேட்காமல் அனுப்பினால் அடுத்த திருவிழாவில் அதே குழாய் திரும்பி வரும்.

சூட்டுக்கு வருவோம். யூனிட்டுக்குப் போகும் மின்சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகவே போகிறது. ஆம்பிளிபயரை எல்லை தாண்டித் திருகினால் ஒலியலையின் உச்சி வெட்டுப்படும். அப்போது வெளியேறும் சக்தி குறித்த வாட்டின் இரு மடங்கை நெருங்கலாம். கேட்பவருக்கு அது கரகரப்பு, சுருளுக்கு அடுப்பு. இதைவிடக் கொடுமை, டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுவிட்டது என்று அதை நீக்கிவிட்டு 16 ஓம் யூனிட்டை நேராக 100 வோல்ட் லைனில் கொடுப்பது. கணக்குப் போடுங்கள்: 100-ஐ 100-ஆல் பெருக்கி 16-ஆல் வகுத்தால் 625. 30 வாட் தாங்கும் சுருளின் தலையில் 625 வாட்! ஆம்பிளிபயர் அவ்வளவு தராது என்பது வேறு விஷயம். அதுவும் சேர்ந்து போகும். 100 வாட் ஆம்பிளிபயருக்கு 30 வாட் குழாய் மூன்றுதான், நான்கு அல்ல. "இன்னும் ஒண்ணு போடுங்கண்ணே, தெரு முனைக்குக் கேக்கல" என்பார்கள். போடக்கூடாது.

குதித்துப் போவது இந்தக் காலத்து நோய். பேச்சுக்கும் நாதஸ்வரத்துக்கும் பிறந்தது கூம்பு. அதன் அளவுக்கேற்ப ஓர் அதிர்வெண் எல்லை உண்டு. அதற்குக் கீழே கூம்பிலுள்ள காற்று சவ்வுக்கு எதிர்ச்சுமை தராது. பாரமில்லாத வண்டி மேட்டில் துள்ளுவது போலச் சவ்வு துள்ளும். கைபேசியிலிருந்து தடதடவென்று பேஸ் நிறைந்த பாட்டை விட்டால் டயாபிரம் கிழியாமல் என்ன செய்யும்? நேராக இணைத்த 16 ஓம் யூனிட்டுக்குத் தொடராக 33 மைக்ரோபாரட் கெபாசிட்டர் ஒன்று, முனைபேதம் இல்லாத வகை, போட்டால் ஏறத்தாழ 300 ஹெர்ட்சுக்குக் கீழே மெலிந்துவிடும். பேச்சின் தெளிவுக்குக் குறைவில்லை. செலவும் அற்பம்.

புது டயாபிரம் சென்னையிலிருந்து வந்தாக வேண்டும், கப்பலில் மூன்று நாள், அதுவும் கப்பல் கிளம்பினால். வந்ததும் அவசரப்படாமல், இடைவெளியைச் சுத்தம் செய்யுங்கள். ஊதினால் துரு இன்னும் உள்ளே போகும். கெட்டி அட்டைத் துண்டில் ஒட்டும் பக்கம் வெளியே தெரியும்படி டேப்பைச் சுற்றி, வளையத்தைச் சுற்றிவர ஒற்றியெடுக்க வேண்டும். காந்தத்தை மட்டும் அதன் இரும்பிலிருந்து பிரிக்கவே கூடாது. பழைய வகைக் காந்தம் பிரித்தால் வலுவிழக்கும். புது வகையில் நடுமையம் விலகும். சுருளை விரலால் தொடாமல் இறக்கி, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். இடையிடையே சன்னமாகப் பாட்டு விட்டுக் கேளுங்கள். உரசல் கேட்டால் தளர்த்தி மீண்டும்.

சிவப்பு முனை எது என்பதையும் கவனியுங்கள். பக்கத்துப் பக்கத்தில் ஒரே திசை பார்க்கும் இரண்டு குழாய்களில் ஒன்று மாற்றிப் பூட்டப்பட்டால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். இரண்டும் பாடும், ஆனால் நடுவில் நிற்பவருக்குக் குரல் மெலிந்து கேட்கும். "ரெண்டும் புதுசு, சத்தமே இல்ல" என்று வந்த ஒரு கோயில் செட்டில் நான் செய்தது இரண்டு ஒயரை மாற்றியது மட்டும்தான்.

கட்டும்போது வாயைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டுங்கள், மழைநீர் தங்காது. இணைப்புகளுக்கு மேல் சிலிக்கான் பசை தடவுங்கள். திருவிழா முடிந்து கழற்றி மூட்டை கட்டினாலும், இரண்டு குழாயையாவது கோயில் கூரையிலேயே விட்டு, பேட்டரியில் மாதம் ஒருமுறை இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். பங்குனி உத்திரத்துக்கு இரண்டு மாதம் முன்பே டயாபிரத்துக்கும் எழுதிவிடுங்கள்.