மெட்டா விவரணம் எழுதுதல்

மாணவர்களே, இணையப் பக்கம் ஒன்றை உருவாக்கும்போது தலைப்பிலும் படங்களிலும் கவனம் செலுத்துவோம். ஆனால், தேடுபொறியில் அப்பக்கத்தைக் காண்பவர் வாசிக்கும் ஓரிரு வரிகளைப் பலர் மறந்துவிடுகின்றனர். அவற்றை எழுதும் முறையை இங்கு நோக்குவோம்.

மெட்டா விவரணம் என்றால் என்ன?

பக்கமொன்றின் பொருளைச் சுருக்கமாகக் கூறும் ஓரிரு வாக்கியங்களே மெட்டா விவரணமாகும். இது எச்.ரி.எம்.எல். ஆவணத்தின் ஹெட் பகுதியில், மெட்டா ஒட்டினுள் எழுதப்படும். பக்கத்தைத் திறந்தால் இது தெரியாது. தேடல் பெறுபேற்றில் தலைப்பின் கீழேயே தோன்றும்.

இதனால் பக்கம் பட்டியலில் மேலே வருமா?

வராது. தரப்படுத்தலுக்கு இதனைப் பயன்படுத்துவதில்லை எனக் கூகிள் நிறுவனம் 2009 இல் தெளிவுபடுத்தியது. எனினும், பல பக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்போது எதைத் திறப்பது எனத் தீர்மானிக்க இவ்வரிகள் உதவுகின்றன.

உதாரணம்

வீட்டில் டெங்கு நுளம்பைக் கட்டுப்படுத்துவது பற்றிய பக்கம் ஒன்றுக்கு மூவர் எழுதிய விவரணங்கள் வருமாறு:

அ. டெங்கு, நுளம்பு, டெங்கு நுளம்பு, காய்ச்சல், டெங்குத் தகவல்கள்.

ஆ. டெங்குக் காய்ச்சலை ஒரே நாளில் குணமாக்கும் இரகசியம்!

இ. பூச்சாடித் தட்டு, பழைய ரயர், கூரைப் பீலி: வீட்டில் டெங்கு நுளம்பு பெருகும் இடங்களும் அவற்றை வாரந்தோறும் துப்புரவு செய்யும் முறையும்.

அ வெறும் சொற்கோவை. வாசகருக்கு எதையும் கூறவில்லை. ஆ பலரை ஈர்க்கும். ஆனால் அது பொய். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தாய் அதை நம்பித் திறந்தால், வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய நேரம் வீணாகும். இ பக்கத்தில் உள்ளதை மட்டும் தெளிவாகக் கூறுகிறது. ஆகவே இ பொருத்தமானது.

கவனிக்க வேண்டியவை

1. பக்கத்தில் இல்லாததை எழுதக் கூடாது.
2. முக்கிய விடயத்தை முதலில் எழுதுக. திரையின் அகலத்துக்கேற்ப மிகுதி வெட்டப்படலாம். ஆங்கிலத்தில் ஏறத்தாழ 150 முதல் 160 எழுத்துருக்கள் வரை எழுதுவது வழக்கம். இது கட்டாய எல்லையன்று.
3. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி விவரணம் எழுதுக.
4. தேடுபவர் பயன்படுத்தும் சொல்லை இயல்பாகச் சேர்க்குக, அடுக்க வேண்டாம்.

நீங்கள் எழுதியதையே தேடுபொறி எப்போதும் காட்டும் என எண்ணாதீர்கள். தேடிய சொல்லுக்கேற்பப் பக்கத்திலிருந்து வேறொரு வாக்கியத்தை அது எடுக்கலாம். எனவே உள்ளடக்கமும் தெளிவாக இருத்தல் வேண்டும்.

மாதிரி வினா

மெட்டா விவரணம் தரப்படுத்தலைப் பாதிக்காவிடினும் அதனைக் கவனமாக எழுத வேண்டும். ஏன்?

விடை: பக்கத்தில் என்ன உள்ளது என்பதைத் திறக்கும் முன்னரே அறிந்து, தமக்குத் தேவையானதைத் தேடுபவர் தெரிவுசெய்ய அது உதவுகிறது.

பயிற்சி: உங்கள் பாடசாலை நூலகத்தின் இணையப் பக்கத்துக்கு இரண்டு வாக்கியங்களில் விவரணம் எழுதுக. எழுதியபின், அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மையா எனச் சரிபார்க்குக.