சம்பளப் பாக்கி தீர்ந்த பிறகு

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 2023-24-இல் பேராசிரியர் முதல் அலுவலக உதவியாளர் வரை எல்லோரும் சம்பளத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. ஓய்வூதியர்களும் தப்பவில்லை. பல்கலை நகர் வளாகத்தில் போராட்டங்கள் நடந்தன. 1966-இல் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகத்தின் பேச்செல்லாம் 'இந்த மாதம் வருமா?' என்பதாகச் சுருங்கிப்போனது.

பாக்கி மொத்தமும் கைக்கு வந்துவிட்டால், மறுநாள் உற்சாகம் பொங்கிவிடுமா?

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் இதைத்தான் ஆராய்ந்தார். பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் வேலை மிகவும் இனித்த தருணத்தையும் கசந்த தருணத்தையும் சொல்லச் சொல்லி, 1959-இல் முடிவுகளை வெளியிட்டார். கசப்புக்குச் சம்பளம், நிர்வாகம், மேலதிகாரி என்று காரணங்கள் வந்தன. இனிப்புக்கு வந்தவை வேறு: சாதித்த நிறைவு, பாராட்டு, பொறுப்பு, வேலையில் உள்ள ஈர்ப்பு. சம்பளம் சுத்தமான குடிநீர் மாதிரி. இல்லாவிட்டால் நோய் வரும். இருப்பதனால் மட்டும் உடம்பில் பலம் ஏறாது. 'நல்லது நடந்தால் என்னால், கெட்டது நடந்தால் நிர்வாகத்தால்' என்று சொல்வது மனித சுபாவம்தானே என்று பின்னாளில் சிலர் இந்த ஆய்வைக் குறை சொன்னதும் உண்டு. நியாயமான குறைதான். ஆனாலும் நம் பல்கலைக்கழகங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது.

கௌரவ விரிவுரையாளர்களுக்கு அந்தக் குடிநீரே இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் சொன்னது. தமிழக அரசுக் கல்லூரிகளில் 2024-இல் கிடைத்ததோ மாதம் 25,000. அதுவும் ஆண்டுக்கு 11 மாதம்தான். மே மாதம் கை வெறுமை. பாடம் நடத்துவதும் விடைத்தாள் திருத்துவதும் நிரந்தர ஆசிரியர் செய்யும் அதே வேலை.

நிரந்தரப் பணியில் இருப்பவரின் குறை வேறு மாதிரி. 2010-இல் வந்த புள்ளி முறையில் பதவி உயர்வுக்குக் கட்டுரை, கருத்தரங்கு, நூல் எல்லாவற்றுக்கும் மதிப்பெண். விளைவு, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்க வேண்டியதாயிற்று. ஆர்வத்தால் எழுத வேண்டியதைப் புள்ளிக்காக எழுதவைத்துவிட்டு, ஆராய்ச்சித் தரம் குறைந்துவிட்டதாக ஆசிரியர்களைக் கடிந்துகொள்வதில் அர்த்தமில்லை.

அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கதை இன்னும் தெளிவானது. 1929-இல் தோன்றிய அதை நிதி நெருக்கடியால் 2013-இல் அரசு ஏற்றது. மிகையாக இருந்த ஆசிரியர்களில் பலர் மாநிலமெங்கும் உள்ள அரசுக் கல்லூரிகளுக்கு மாற்றப்பட்டார்கள். அலுவலர்கள் பிற அரசுத் துறைகளுக்குப் போனார்கள். இப்படி வேலையை விட்டு அனுப்பாமல் இடம் மாற்றியது பெரிய விஷயம்தான். ஆனால் முனைவர் பட்ட மாணவர்களுக்கு வழிகாட்டியவர் இளநிலை வகுப்புக்கும், தேர்வுப் பிரிவின் நெளிவுசுளிவு தெரிந்தவர் பழக்கமில்லாத கோப்புகளுக்கும் போக வேண்டியிருந்தால், சம்பளச் சீட்டு அந்த இழப்பைக் காட்டாது. அவர்களிடம் என்ன வேலை தெரியும் என்று கேட்டு அதற்கேற்ற இடம் தருவதற்குக் கோடிகள் தேவையில்லை.